சீஸ் டப்பா ஈயத்தில் பிறந்த தமிழ் எழுத்துகள்!

300 ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் நடந்த ஓர் அச்சகப் போராட்டம்

1713ஆம் ஆண்டு. ஜெர்மனியிலிருந்து பல மாதக் கடல் பயணம் முடித்து, சில பெட்டிகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தமிழ் எழுத்து. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிய எழுத்து.

அவற்றுக்காக அங்கே ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, நன்கொடை திரட்டி, கப்பலை எதிர்பார்த்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எழுத்துகள் வந்தாயிற்று. அச்சு இயந்திரமும் தயார். ஆனால், வேலையைத் தொடங்கிய பிறகு ஒரு சிக்கல் தலைதூக்கியது.

எழுத்துகள் அளவில் ரொம்பப் பெரிதாக இருந்தன!

'பெரிதாக இருந்தால் நல்லதுதானே, படிக்கச் சுலபமாக இருக்குமே' என்று தோன்றலாம். ஆனால், எழுத்து பெரிதானால் ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கும். பக்கங்கள் கூடும். தாள் அதிகம் தேவைப்படும். அன்றைக்குத் தாளும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். அந்த எழுத்துகளை வைத்து நினைத்த புத்தகத்தை அச்சிட்டால், கையிருப்புத் தாள் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்குத் தரங்கம்பாடியில் கிடைத்த தீர்வுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

திண்ணைப் பள்ளியில் ஒரு ஜெர்மானியர்

காத்திருந்தவரின் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய கிறிஸ்தவ ஊழியராக, 1706 ஜூலையில் ஹைன்ரிக் புளூட்சௌ என்ற நண்பருடன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்களின் ஊர். 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு அவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கோட்டையில் இருந்த வணிகர்களுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அரைகுறைப் போர்ச்சுகீசியத்தை வைத்தே வியாபாரத்தை ஓட்டினார்கள். சீகன்பால்குக்கு அது போதவில்லை. மக்களோடு பேச வேண்டுமென்றால் தமிழ் வேண்டும்.

உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அணுகினார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற துபாஷி, இலக்கணமும் பேச்சும் பழக உதவினார். பின்னர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். கிடைக்காதவற்றை எழுத்தர்களை வைத்துப் பிரதி எடுத்தார். 1708இல் தன்னிடம் சேர்ந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியலே தயாரித்துவிட்டார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருந்தன.

ஓலையில் ஒரு நூல் எப்படிப் பெருகும் என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார். ஒருவர் படிக்க, மற்றவர் எழுத்தாணியால் கீற வேண்டும். ஒரு பிரதி முடியவே நாட்கள் ஆகும். பத்துப் பேருக்கு வேண்டுமென்றால் பத்து முறை எழுத வேண்டும். பத்து முறையும் கூலி கொடுக்க வேண்டும். எழுதுபவர் கண்ணயர்ந்தால் ஒரு வரி காணாமல் போகும்.

1708 அக்டோபரில் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சில வாரங்களிலேயே கோட்டையின் தளபதியோடு மோதல் முற்றி, சிறைக்குப் போனார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711 மார்ச்சில் வேலையை முடித்தார். மொழிபெயர்ப்பு தயார். அதைப் பலருக்குக் கொண்டுசேர்க்க ஓர் அச்சகம் வேண்டும்.

முதல் தமிழ் அச்சு இதுவல்ல

ஒரு விஷயத்தை இங்கே தெளிவுபடுத்திவிடலாம். தமிழில் முதன்முதலில் அச்சிட்டவர் சீகன்பால்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அவருக்கு 135 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் அச்சேறிவிட்டது.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறு நூல்தான், இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் அச்சான முதல் புத்தகம். அந்தப் பெருமை தமிழுக்குத்தான். அதை உருவாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ். முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார். அச்சகத்துக்கான பணத்தைத் தந்தவர்களும் அந்தக் கடற்கரை மக்களே. இந்த நூலின் நாமறிந்த ஒரே பிரதி இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1586இல் அவரே 'அடியார் வரலாறு' என்ற அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெரிய நூலையும் அச்சிட்டார். 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் ஒரு தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி அச்சானது. ஆனால், இந்தச் சங்கிலி தொடரவில்லை. சீகன்பால்கு வந்தபோது அவருக்கு உதவக்கூடிய ஒரு தமிழ் அச்செழுத்துகூட கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கடற்கொள்ளையில் சிக்கிய அச்சு இயந்திரம்

உதவ முன்வந்தது லண்டனில் இயங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். 1711இல் ஓர் அச்சு இயந்திரம், ரோமன் எழுத்துகள், தாள், ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளி என எல்லாவற்றையும் கப்பலேற்றி அனுப்பியது.

அன்றைய கடல் வழி எளிதானதல்ல. இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் காற்றைப் பிடிக்கத் தென் அமெரிக்கக் கரை வரை போய்த் திரும்புவது உண்டு. அப்படிப் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பக்கம் போன கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கிக்கொண்டது. பொருள் கொடுத்துக் கப்பலை மீட்டார்கள். ஆனால், ஃபிங்க் இந்தியக் கரையைப் பார்க்கவே இல்லை. வரும் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார்.

1712இல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடிக்கு வந்தது. இயக்க ஆள் இல்லை. நல்லவேளையாக, டேனிஷ் கம்பெனியின் படையில் இருந்த ஜெர்மன் சிப்பாய் ஒருவருக்கு அச்சுத் தொழில் தெரிந்திருந்தது. அவரை வைத்துப் போர்ச்சுகீசிய மொழியில் சில சிறு நூல்களை அச்சிட்டார்கள்.

ரோமன் எழுத்து சரி, தமிழ் எழுத்துக்கு எங்கே போவது?

ஓர் எழுத்து எப்படிப் பிறக்கிறது?

இன்று புதிய எழுத்துரு வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். அன்று ஒவ்வோர் எழுத்தும் ஒரு கொல்லனின் கைவேலை.

முதலில் ஓர் உருக்குக் கம்பியின் முனையில், எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவார்கள். பிறகு அந்தக் கம்பியை ஒரு செப்புத் துண்டின் மேல் வைத்து ஓங்கி அடிப்பார்கள். செம்பில் எழுத்து நேராகக் குழிந்து பதியும். இதுதான் தாய் அச்சு. அதைக் கையடக்கமான ஒரு வார்ப்புக் கருவியின் அடியில் பொருத்தி, உருக்கிய உலோகக் கலவையை ஊற்றினால், ஒரு நொடியில் இறுகி ஓர் அச்செழுத்து கிடைக்கும். ஒரு தாய் அச்சிலிருந்து எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வார்க்கலாம்.

அந்தக் கலவையின் பெரும் பகுதி ஈயம். ஈயம் சீக்கிரம் உருகும், ஆனால் மிருதுவானது. அச்சு அழுத்தத்தில் நசுங்கிவிடும். அதனால் கெட்டிப்படுத்த வேறு உலோகங்களைக் கொஞ்சம் கலப்பார்கள்.

ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டும் சேர்த்தாலும் 52தான். தமிழில் கால், கொம்பு போன்றவற்றைத் தனித் துண்டுகளாக வைத்து மிச்சம் பிடித்தாலும், 'கி', 'கீ', 'கு', 'கூ' வரிசைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம் தேவை. எப்படிப் பார்த்தாலும் நூற்றுக்கு மேல் போகும். அத்தனைக்கும் தனித்தனிக் கம்பி, தனித்தனித் தாய் அச்சு.

தரங்கம்பாடியிலிருந்து எழுத்துகளின் வடிவங்களை வரைந்து, ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கைவினைஞர்கள் அந்த மாதிரிகளைப் பார்த்தே வெட்டினார்கள். படிக்கத் தெரியாத ஒரு மொழியின் 'ஞ'வையும் 'ழ'வையும் உலோகத்தில் கொண்டுவருவது லேசான காரியமா? சுழியும் வளைவும் சிதையாமல் சிறிதாக வெட்டுவது இன்னும் கடினம். அவர்கள் செய்தது பெரிய எழுத்து. 1713இல் வந்த பெட்டிகளில் இருந்தவை அவைதான்.

கைகொடுத்த சீஸ்

அந்த எழுத்துகளோடு வந்தவர்களில் யோஹன் காட்லீப் ஆட்லர் என்ற வார்ப்புத் தொழிலாளியும் இருந்தார். பதின்ம வயதுத் தம்பியையும் கூடவே அழைத்து வந்திருந்தார்.

பெரிய எழுத்தை வைத்தே முதலில் வேலை தொடங்கியது. 1713இலேயே ஒரு சிறு தமிழ் நூல் வெளிவந்தது. 1714 செப்டம்பருக்குள் புதிய ஏற்பாட்டின் முதல் ஐந்து பகுதிகளும் அச்சாகின. அதற்குள் தாள் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது.

கணக்கு எளிமையானது. எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால், அதே செய்திக்கு நான்கில் ஒரு பங்கு தாள் போதும். சிறிய எழுத்து கிடைத்தால் புத்தகம் முடியும். கிடைக்காவிட்டால் பாதியில் நிற்கும். மறுபடி ஹாலேக்கு எழுதிக் கேட்டால், கடிதம் போய்ப் பொருள் வந்துசேர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஆட்லர் காத்திருக்கவில்லை. தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாரில் ஒரு வார்ப்புப் பட்டறை அமைந்தது. அங்கேயே சிறிய அளவில் புதிய தமிழ் எழுத்துகளை வெட்டத் தொடங்கினார். செதுக்கக் கை இருந்தது, வார்க்கத் தேவையான ஈயம்தான் இல்லை.

லண்டன் சங்கம் ஊழியர்களுக்கு அவ்வப்போது உணவுப் பொருட்களும் அனுப்பிவந்தது. அதில் ஒன்று இங்கிலாந்தின் புகழ்பெற்ற செஷயர் சீஸ். நீண்ட கடல் பயணத்தில் கெட்டுப்போகாமல் இருக்க, அதை ஈயத்தால் மூடி அனுப்பினார்கள். சீஸ் தீர்ந்த பிறகு குப்பைக்குப் போக வேண்டிய அந்த ஈயத்தை உருக்கித்தான், சிறிய தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன!

1715இல் புதிய ஏற்பாட்டின் மீதிப் பகுதிகள் அந்தச் சிறிய எழுத்தில் அச்சாகி வேலை முடிந்தது. ஒரே நூல். முதல் பாதியில் ஜெர்மனியில் பிறந்த பெரிய எழுத்து. பின்பாதியில் பொறையாரில் பிறந்த சிறிய எழுத்து. புத்தகத்தைப் புரட்டினாலே அச்சகம் பட்ட பாடு தெரிந்துவிடும்.

எழுத்துப் பிரச்னை தீர்ந்ததும் தாளுக்கும் ஒரு வழி தேடினார்கள். பொறையாரில் ஒரு காகித ஆலை தொடங்கப்பட்டது. அது நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆனால், கடுதாசிப்பட்டறை என்ற பெயர் மட்டும் அந்தப் பகுதியில் நிலைத்துவிட்டது.

போட்டியாளரின் புத்தகமும் அச்சானது

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இன்னோர் ஐரோப்பியர் தமிழில் கொடிகட்டிப் பறந்தார். தேம்பாவணி பாடிய இத்தாலியர், வீரமாமுனிவர். அவர் கத்தோலிக்கர், தரங்கம்பாடிக்காரர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். இரு தரப்புக்கும் ஆகாது. தரங்கம்பாடி நூல்களின் தமிழ் நடையை வீரமாமுனிவர் கடுமையாக விமர்சித்தார். ஆனாலும், அவர் லத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கண நூல் 1738இல் அச்சானது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான். கருத்தில் மோதிக்கொண்டாலும் தமிழ் கற்க அந்த நூல் அவர்களுக்கும் தேவைப்பட்டது!

எழுத்து வடிவத்திலும் வீரமாமுனிவருக்கு ஒரு பங்கு உண்டு. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் எழுத்தர்கள் புள்ளியைத் தவிர்த்தார்கள். 'அந்த மரம்' என்பது 'அநத மரம' என்றே இருக்கும். 'எரி' என்பதா, 'ஏரி' என்பதா என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட 'ஏ', 'ஓ', இரட்டைச் சுழிக் கொம்பு ஆகியவற்றை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர் வீரமாமுனிவர்தான். தாளில் புள்ளி வைத்தால் கிழியாது. அச்சு பரவப் பரவப் புள்ளியும் தமிழில் உறுதியாக உட்கார்ந்தது.

154 ஆண்டு காத்திருந்த கைப்பிரதி

சீகன்பால்கு 1714இல் ஐரோப்பா போனார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. திருமணம் செய்துகொண்டு மனைவியோடு அதே ஆண்டு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். ஆனால், உடல்நலம் தேறவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். அப்போது வயது 36. முந்தைய ஆண்டு அவரே கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அச்சுக்காக இவ்வளவு பாடுபட்டவரின் முக்கியமான ஒரு நூலை, அவருடைய ஆட்களே அச்சிட மறுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டின் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் விரிவாக ஒரு நூல் எழுதினார் அவர். சிவன், திருமால் தொடங்கி ஐயனார் போன்ற கிராம தெய்வங்கள் வரை, யாரை எப்படி வணங்குகிறார்கள் என்று தமிழர்களிடமே கேட்டும், சுவடிகளைப் படித்தும் தொகுத்திருந்தார். 1713இல் கைப்பிரதியை ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிற மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்களின் நிலை. கைப்பிரதி அலமாரிக்குள் போனது.

மதம் மாற்ற வந்தவர்தான் அவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால், வந்த இடத்து மக்களின் நூல்களைப் படித்துப் படித்து, அவர்களைப் பற்றி ஐரோப்பாவில் இருந்த இளக்காரமான எண்ணம் தவறு என்று எழுதத் துணிந்தவரும் அவரே. அந்தக் கைப்பிரதி முதன்முதலாகப் புத்தகமானது 1867இல். 154 ஆண்டுகள் கழித்து, அதுவும் சென்னையில்!

வேப்பேரிக்கு வந்த போர்ப் பொருள்

தரங்கம்பாடிக்குப் பிறகு தமிழ் அச்சின் அடுத்த வீடு சென்னை. அதற்குக் காரணம் ஒரு போர்.

1761இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தார். கைப்பற்றிய பொருட்களில் பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரமும் ஒன்று. சென்னைக்குக் கொண்டுவந்தார்களே தவிர, அதை இயக்க ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த ஃபேப்ரிஷியஸ் என்ற ஜெர்மானிய ஊழியரிடம் அதைக் கொடுத்தார்கள். அரசின் அச்சு வேலைகளுக்கே முதலிடம் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். அங்கிருந்துதான் ஃபேப்ரிஷியஸின் தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது.

இத்தனை காலமும் அச்சு பெரும்பாலும் பாதிரியார்கள் கையிலும் அரசாங்கத்தின் கையிலும்தான் இருந்தது. தமிழ் இலக்கியம் அச்சேறியது மெதுவாகத்தான். திருக்குறள் மூலம் 1812இல் சென்னையில் அச்சானது. 1835இல் சார்லஸ் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம், அச்சகத்துக்கான பழைய கட்டுப்பாடுகளை நீக்கியது. அதன்பின் நம்மவர்கள் மளமளவென்று அச்சகம் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1849இல் சொந்த அச்சகம் வைத்து, சைவ நூல்களையும் இலக்கண நூல்களையும் பதிப்பித்தார். பாதிரியார்களிடமிருந்து கற்ற கருவியாலேயே பாதிரியார்களுக்குப் பதில் சொன்னார். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். செல்லரித்துக்கொண்டிருந்த ஓலைகள் ஒவ்வொன்றாகப் புத்தகமாயின.

சிறிய எழுத்துக்கான தேடலும் நிற்கவில்லை. சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர்.ஹன்ட் என்பவர் எடுத்த முயற்சியால், முன்பைவிடச் சிறிய, அழகான தமிழ் எழுத்துகள் உருவாகின. அதன் பலனைப் பார்க்க வேண்டுமென்றால், 1862இல் அங்கே அச்சான வின்சுலோ அகராதியைப் புரட்டலாம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் ஒரே புத்தகத்தில். சீகன்பால்குவின் முதல் எழுத்துகளைக் கொண்டு அதை அச்சிட நினைத்தால், தூக்க ஒரு மாட்டு வண்டி வேண்டியிருக்கும்!

தலைகீழாகப் படித்த விரல்கள்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, ஊருக்கு ஊர் இருந்த அச்சகங்களில் வேலை நடந்த விதம் தரங்கம்பாடியிலிருந்து அதிகம் மாறிவிடவில்லை. கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் கம்பாசிட்டரின் கைவழியேதான் வந்தன.

சாய்வாக நிற்கும் மர கேஸ். அதில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். எந்த அறையில் எந்த எழுத்து என்பது விரலுக்கே தெரியும். வரி சேர்ந்ததும் கேலிக்கு மாற்றி, நூலால் கட்டி, மை தடவி, புரூஃப் எடுப்பார்கள். அச்சடித்து முடித்த பிறகு அத்தனை எழுத்தையும் பிரித்து, அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். அறை மாறி விழுந்த ஒரு 'ல', அடுத்த பத்திரிகையில் 'ள' இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். நாள் முழுக்க நின்றபடி வேலை. விரலெல்லாம் ஈயக் கறை.

'கொ' என்று கோர்க்க அவர் மூன்று துண்டுகளைத் தேட வேண்டும். ஒரு கொம்பு, ஒரு 'க', ஒரு கால். அதனால்தான் எழுத்துகளைக் குறைக்க வேண்டும் என்ற குரல் அச்சோடு சம்பந்தப்பட்டவர்களிடமிருந்தே எழுந்தது. பத்திரிகை நடத்திய பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழிலேயே திருத்திய எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதுவரை 'லை', 'னை', 'ணை', 'ளை' ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போல மேலே ஒரு வளைவு இருக்கும். 'ணா', 'றா', 'னா' ஆகியவை கால் இல்லாமல் சுழித்துக்கொண்டு நிற்கும். இவற்றோடு 'ணொ', 'ணோ' போன்ற ஆறும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகளை மாற்றி, எம்.ஜி.ஆர் அரசு 1978இல் ஆணை பிறப்பித்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களின் பழைய கடிதங்களைக் கேட்டுப் பாருங்கள். துதிக்கை வைத்த 'லை' அதில் இருக்கும்.

உள்ளங்கைக்கு வந்த அச்சகம்

பிறகு வந்தது கணினி. ஈயம் போனது, கேஸ் போனது. ஆனால், புதிதாக ஒரு குழப்பம் வந்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளைச் சேமித்தது. பாமினியில் தட்டிய கடிதத்தை வேறு எழுத்துருவில் திறந்தால், ஆங்கிலமும் குறிகளும் கலந்த கஞ்சியாகத் தெரியும். அறை மாறி விழுந்த ஈய எழுத்தின் கதையேதான்.

உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு 1991இல் வெளியானபோது, தமிழும் அதில் இடம்பெற்றது. மெல்ல மெல்ல எல்லாக் கருவிகளும் அதை ஏற்றன. 'க'வுக்கு ஓர் எண், 'கொ'வில் வரும் ஒகரக் குறிக்கு ஓர் எண். கம்பாசிட்டர் மூன்று துண்டாகத் தேடிய 'கொ', போனுக்கு இரண்டே எண்கள். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கும் வேலையை எழுத்துருவே பார்த்துக்கொள்கிறது.

இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடிக்குப் போனால், கோட்டையையும், சீகன்பால்கு அடக்கமான ஆலயத்தையும், அவர் வாழ்ந்த வீட்டில் அமைந்த அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். ஆட்லருக்குப் பெரிய நினைவுச் சின்னம் எதுவும் கிடையாது.

இந்தக் கட்டுரையின் எழுத்து கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறதா? திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பாருங்கள், பெரிதாகும். குறுக்கினால் சிறிதாகும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடும் தாத்தாவுக்கும் அந்த வித்தை தெரியும். அந்த ஒரு விரலசைவு செய்யும் வேலையைத்தான், பொறையாரில் ஆட்லர் ஒரு வருடம் போல உளியும் கையுமாக உட்கார்ந்து, சீஸ் மூடியின் ஈயத்தை உருக்கிச் செய்து முடித்தார்.